பைபாஸ் செய்தால் நீர்க்கட்டி போய்விடுமா?

கேள்வி: 9 ஜனவரி 2024, தென்னாப்பிரிக்கா, மாரிட்ஸ்பர்க் வாசகி

வயது 29, எடை 118 கிலோ. பதினைந்து வயதிலிருந்து பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி. வருடத்துக்கு மூன்று தடவை மாதவிலக்கு வந்தால் அதிகம். என் பெரியம்மா மகள் ஜோபர்கில் எடை குறைய பைபாஸ் செய்துகொண்டாள். வயிற்றை ஆபரேஷன் செய்தால் நீர்க்கட்டி அடியோடு போய்விடும், இன்சுலினைத் தணிக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடலாம் என்கிறாள். உண்மையா? செய்துகொண்ட அக்கா யாராவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

9 ஜனவரி 2024, இரவு 10.40

எனக்குப் போய்விட்டது, தங்கச்சி.

2023 மே 17 அன்று டர்பனில் பைபாஸ் செய்துகொண்டேன். அன்றைக்கு 121 கிலோ, உயரம் 158 செ.மீ. இன்று காலை 88. ஆபரேஷனுக்கு முந்தைய பதினொரு மாதம் மாத்திரை போடாமல் ஒரு தடவைகூட மாதவிலக்கு வந்ததில்லை. ஆபரேஷன் முடிந்த ஏழாவது வாரம் தானாக வந்தது. அன்றிலிருந்து மாதா மாதம் வருகிறது. 31 நாள், 33 நாள், 30 நாள் என்று டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். மெட்ஃபார்மினை டாக்டரே நிறுத்திவிட்டார். கழுத்துக் கறுப்பு பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. இதைக் குணம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்ல?

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

10 ஜனவரி 2024

முன்னால் எப்படி இருந்தேன் என்று சொல்லாமல் ஆபரேஷனைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

நான் பாளையங்கோட்டைக்காரி. 2012-இல் கல்யாணமாகி டர்பன் பக்கத்திலுள்ள டோங்காட்டுக்கு வந்தேன். இவர் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. அத்தைக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதி ஆங்கிலமாக வரும்.

எனக்குப் பதின்மூன்று வயதில் கழுத்தைச் சுற்றிக் கறுப்பு படிந்தது. அழுக்கு என்று நினைத்து அம்மா ஞாயிறுதோறும் பயத்தம் மாவையும் எலுமிச்சையையும் போட்டுத் தோல் எரியும்வரை தேய்ப்பாள். ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடும்போது தோல் அப்படித் தடித்துக் கறுக்கும். இதை ஒரு டாக்டர் எனக்கு எடுத்துச் சொன்னபோது என் வயது முப்பத்துமூன்று. அதுவரை இருபது வருடம், நான் சரியாகக் குளிக்கத் தெரியாதவள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

தாடையில் முடி. இவர் ஆறு மணிக்கு எழுவார் என்றால் நான் நாலரைக்கு எழுந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். பதினொரு வருடம். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அவரே சொன்னார், "கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்தே தெரியும், நீ தூங்கட்டும் என்றுதான் நானும் தூங்குவதுபோலப் படுத்திருப்பேன்" என்று. அவர் சொன்னதில் எது எதற்குக் காரணம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் அன்று நெடுநேரம் அழுதேன்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் நீர்க்கட்டி என்கிறோம், ஸ்கேன் படத்தில் முத்து மாலைபோல வரிசையாகத் தெரிகிறது, கட்டியைக் கரைக்க மருந்து தேடுகிறோம். அவை கட்டிகளே இல்லை. முட்டையை வளர்க்கும் சிறு பைகள், பாதி வளர்ச்சியில் நின்றுபோனவை. வெடித்து வெளிவர வேண்டிய முட்டை வராமல் அங்கேயே தங்கிவிடுகிறது. 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பார்த்து எழுதியதிலிருந்து, சினைப்பை எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே பெயர் நின்றுவிட்டது. 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த விதிப்படி மாதவிலக்குக் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ். அதாவது ஸ்கேனில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் பிசிஓஎஸ் இருக்கலாம்.

12 ஜனவரி 2024

"வயிற்றை ஆபரேஷன் செய்தால் சினைப்பை எப்படிச் சரியாகும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுக்காவிட்டால் கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளும். தசையும் கல்லீரலும் கேட்காத அந்த இன்சுலினைச் சினைப்பை மட்டும் நன்றாகக் கேட்கும். கேட்டுவிட்டு ஆண் ஹார்மோனைக் கூட்டும். அந்த ஹார்மோனைக் கட்டிப்போட்டு வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது, இன்சுலின் கூடினால் அதுவும் குறையும். ஆக, அவிழ்த்துவிட்ட ஹார்மோன் உடம்பெங்கும் திரியும். முகத்தில் முடி, முகப்பரு, உச்சியில் முடி உதிர்வு, முட்டை வெளிவராமல் போவது எல்லாம் அதன் வேலை.

பைபாஸில் வயிற்றின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமல் இறங்கும். குடல் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுகின்றன, பசி அடங்குகிறது, எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே இன்சுலின் தணியத் தொடங்குகிறது. எனக்கு ஏழாவது வாரமே மாதவிலக்கு வந்தது அதனால்தான். அப்போது 104 கிலோ இருந்தேன். யார் பார்த்தாலும் குண்டு என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று, பைபாஸ் என்றதும் எங்கள் வீட்டில் நடந்தது. ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் "எனக்குப் பைபாஸ் ஆபரேஷன்" என்று சொன்னேன். இருதயம் என்று நினைத்து அம்மா ஓவென்று அழுது, தெருவே கூடிவிட்டது. தங்கை ஃபோனை வாங்கி வயிறு, வயிறு என்று கத்திப் புரியவைத்தாள். வீட்டில் சொல்லும்போது வயிற்று ஆபரேஷன் என்றே சொல்லுங்கள்.

13 ஜனவரி 2024

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். டைரியைப் பார்த்தேன். ஏழாவது வாரம் 104 இல்லை, 106.

15 ஜனவரி 2024, பொங்கல்

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. காவடி விரதம் தொடங்கிவிட்டது. பத்து நாள் சைவம், ஒரு வேளைச் சாப்பாடு என்று வீட்டில் மற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சைவம் மட்டும்தான். ஒரு வேளை என்ற கணக்கு பைபாஸ் வயிற்றுக்கு ஒத்துவராது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போக வேண்டும், ஒரே வேளையில் அதை உள்ளே அனுப்ப இடமே இல்லை. முருகனுக்குத் தெரியும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

27 ஜனவரி 2024

தைப்பூசத்தன்று, வியாழக்கிழமை, அம்கேனி சாலைக் கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். எட்டு மாதமாக இனிப்பைத் தொடாதவள், பிரசாதமாயிற்றே என்று ஒரு குழிக்கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, முதுகெல்லாம் வியர்த்தது, வயிற்றைப் புரட்டியது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். காவடி தூக்கிய பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துத் திருநீறு பூசிவிட்டார்.

இதற்கு டம்பிங் என்று பெயர். வாழைப்பழமும் வெல்லமும் தேனும் வயிற்றில் தங்காமல் நேரே சிறுகுடலில் கொட்டிவிடும். குடல் தண்ணீரை இழுக்கும், நாடி ஓடும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை தடாலென்று இறங்கவும் செய்யும். இனி நெற்றியில் திருநீறு, நாக்கில் ஒரு துளி, அவ்வளவுதான்.

3 பிப்ரவரி 2024

மாரிட்ஸ்பர்க் தங்கச்சி, நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு முன்கூட்டி யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம் இது.

வருடத்துக்கு மூன்று தடவை மாதவிலக்கு வருகிறவர்களுக்கு "நமக்கெல்லாம் எங்கே தங்கப்போகிறது" என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு சினைப்பை சொல்லாமல் கொள்ளாமல் விழித்துக்கொள்ளும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே முட்டை வந்துவிடும் என்பதை யோசித்துப் பார். அந்த நேரத்தில் உடம்பு பட்டினிக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்க வேண்டாம் என்கிறார்கள். கருத்தடை மாத்திரை பைபாஸுக்குப் பிறகு சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், அதை நம்ப முடியாது. எனக்கு டாக்டர் ஹார்மோன் காயிலைப் பரிந்துரைத்தார். கர்ப்பப்பைக்குள் வைப்பதால் குடலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. நான் வேண்டாம் என்றேன். அதை வைத்தால் மாதவிலக்கு நின்றுபோகலாம் என்றார்கள். இத்தனை வருடம் காத்திருந்து வரப்போகிறதை நிறுத்தவா என்று தோன்றியது. நாங்கள் ஆணுறை பயன்படுத்துகிறோம்.

பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை கேட்ட வீட்டில், இன்னும் ஒன்றரை வருடம் வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டியிருந்தது. அத்தையிடம் நான் சொல்லவில்லை, இவர் சொன்னார்.

18 பிப்ரவரி 2024

என்ன சாப்பிட்டேன் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்து அறவே குறைத்த சாப்பாடு. கல்லீரலில் இருக்கும் கொழுப்பைக் கரைத்து அதைச் சுருக்குவதற்காக. கல்லீரல் பெரிதாக இருந்தால் அதன் அடியில் இருக்கும் வயிற்றைப் பார்ப்பதே கஷ்டமாம். பிறகு நீர் ஆகாரம், அப்புறம் அரைத்தது, அப்புறம் மென்மையானது, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வழக்கமான சாப்பாடு.

2023 மே மாதம் எப்படி இருந்தது என்று தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஆறாம் கட்ட லோட்ஷெட்டிங். ஒரு நாளில் பத்து மணி நேரம் வரை மின்சாரம் இருக்காது. எனக்கோ எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்தாக வேண்டும். அத்தை மின்வெட்டு அட்டவணையைக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்து, விடிகாலை மூன்று மணிக்கு மின்சாரம் வந்தாலும் எழுந்து பருப்பையும் பூசணியையும் அரைத்து வைப்பாள். ஒரு வாரம் இரண்டு வேளையும் மின்சாரம் தவறியபோது, கல்யாணத்தில் அவள் மாமியார் கொடுத்த பழைய அம்மியைக் கழுவி எடுத்து வந்துவிட்டாள்.

எனக்குக் கைகொடுத்தவை மூன்று. மாஸ் என்கிற புளித்த பால், தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். லக்கி ஸ்டார் டின் மீன், முள்ளை நசுக்கித் தக்காளியோடு குழைய வைத்தது. சுகர் பீன்ஸ் குழம்பு, தோல் நீக்கி மசித்தது. இட்லி ஒரு பாதிக்கு மேல் இறங்கவில்லை, சாதம் பசைபோல நெஞ்சில் நின்றது. ரொட்டியைக் குடைந்து கறியை ஊற்றித் தரும் பன்னி சாவ் வாசனை வந்தால் இன்னும் வாய் ஊறுகிறது, உள்ளே இருக்கும் கறியில் நாலு துண்டு சாப்பிடுவேன், ரொட்டியை இவர் சாப்பிடுவார்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். நம்மவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், பந்தியில் முதலில் வைப்பதே தண்ணீர்.

வாந்தி நிற்காமல் இரண்டு மூன்று நாள் போனால் வீட்டில் காத்திருக்காதீர்கள். வைட்டமின் பி1 வற்றிப்போனால் நரம்பையும் மூளையையும் தாக்கும். எனக்கு ஆறாவது வாரம் அப்படி ஆரம்பித்தது, அன்றே போய்விட்டேன்.

2 ஏப்ரல் 2024

முடி. ஆபரேஷனுக்கு மூன்றாம் மாதம் தொடங்கிச் சீப்பு சீப்பாக வந்தது. எடை வேகமாக இறங்கினால் இப்படி உதிரும், ஆறேழு மாதத்தில் நின்று திரும்ப முளைக்கும். எனக்கும் முளைத்துவிட்டது, நெற்றியோரம் குழந்தை முடிபோலச் சுருள் சுருளாக. ஆனால் பிசிஓஎஸ்ஸால் வகிடு அகலமாவது வேறு. அது என் தலையில் அப்படியேதான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயோட்டின் டப்பாக்களுக்கு நான் கொடுத்த பணத்துக்குக் கணக்கில்லை.

9 ஜூன் 2024

பாம்பினி என்ற பிரிட்டிஷ் ஆய்வு கடந்த மாதம் லான்செட்டில் வந்திருக்கிறது. பிசிஓஎஸ் இருந்து மாதவிலக்கு தாறுமாறாக இருந்த 80 பெண்கள், பாதிப் பேருக்கு வயிற்றைக் குறுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன், பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம். 52 வாரம் கவனித்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு முட்டை வெளிவந்தது இரண்டரை மடங்கு அதிகம். படித்துவிட்டுச் சந்தோஷத்தில் இவரை எழுப்பிக் காட்டினேன். நான் சொன்னது சரிதானே!

17 ஆகஸ்ட் 2024

ஜனவரி 9 அன்று "எனக்குப் போய்விட்டது" என்று எழுதியிருந்தேன். அது தவறு. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஜூன் முதல் வாரத்தோடு மாதவிலக்கு நின்றது. இன்று 74-ஆம் நாள். முதலில் கர்ப்பமோ என்று கை நடுங்கியது. பதினைந்து மாதம்தான் ஆகிறது, இரும்புச்சத்து வேறு குறைவு. பார்மசியில் மூன்று பரிசோதனை அட்டை வாங்கினேன். மூன்றிலும் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியும் வரவில்லை, அழுகையும் முழுதாக வரவில்லை. தாடையில் இரண்டு கறுப்பு முடி. எடை 79 வரை இறங்கியது இப்போது 83.

ஹார்மோன் டாக்டரிடம் போனேன். இன்சுலின் நன்றாக இருக்கிறது, ஆண் ஹார்மோன் சற்று உயர்வு. "வயிற்றைத்தான் மாற்றி அமைத்தோம், சினைப்பை உங்கள் அம்மா கொடுத்ததுதானே" என்றார். கோபமே வரவில்லை. ஏனென்றால் என் தங்கை நினைவுக்கு வந்தாள். பாளையங்கோட்டையில் இருக்கிறாள், 52 கிலோ, ஊசிபோல இருப்பாள். அவளுக்கும் பிசிஓஎஸ். நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒரு தடவைதான் வரும். எடைதான் காரணம் என்றால் அவளுக்கு எப்படி வந்தது? எடை அதைத் தூண்டுகிறது, பெரிதாக்குகிறது. வேர் வேறு இடத்தில் இருக்கிறது. இது என் கண்ணெதிரே இருபது வருடமாக இருந்த விஷயம், நான்தான் கவனிக்கவில்லை.

பாம்பினியையும் திரும்ப எடுத்துப் படித்தேன். ஆபரேஷன் செய்தவர்களுக்கு 52 வாரத்தில் நடுவளவாக ஆறு தடவை முட்டை வந்தது, மற்றவர்களுக்கு இரண்டு தடவை. நான் இரண்டரை மடங்கைப் பார்த்தேன், ஆறு என்ற எண்ணைப் பார்க்கவில்லை. மாதா மாதம் வருகிறவளுக்கு அந்த 52 வாரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வந்திருக்கும். இரண்டு ஆறாவது பெரிய விஷயம். குணம் என்ற வார்த்தை அதற்குப் பொருந்தாது.

18 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு ஒரு சகோதரி "ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன், பயமுறுத்தாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார்.

மன்னித்துக்கொள்ளம்மா. இன்றைக்குத் திரும்பக் கேட்டாலும் நான் செய்துகொள்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர்சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, எங்களுக்கு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரி வரும். இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு மேட்டில் ஏற என்னால் முடியவில்லை. அறுபத்தொன்பது வயது அத்தை ஏறுகிறாள், முப்பத்துநாலு வயதுக்காரி நான் பாதியில் வாளியை வைத்துவிட்டு மூச்சுக்கு நிற்கிறேன். அந்த மேட்டில் நின்றபடிதான் முடிவெடுத்தேன். அதே வருடம் கர்ப்பப்பை உள்சுவர் தடித்துப்போய்த் திசுப் பரிசோதனை செய்தார்கள். நல்லவேளை, புற்றுநோய் அணு இல்லை. அதற்கு முந்தைய நாலு வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒவ்வொரு தடவையும் "எடையைக் குறைத்துவிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார், ஒரு ஸ்கேன்கூட எடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் இருந்தால் உள்சுவர் வளர்ந்துகொண்டே போகும், மாத்திரை கொடுத்தாவது வரவழைக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது இந்த 74 நாளுக்கு நானே கேட்டு வாங்கி, பத்து நாள் புரோஜெஸ்டரோன் மாத்திரை போடுகிறேன்.

இன்று அந்த மேட்டில் நிற்காமல் ஏறுகிறேன். ரத்த அழுத்த மாத்திரை இல்லை. குறட்டை இல்லை, மூச்சுத்திணறி எழுவது இல்லை. எதையும் மறைக்காமல் சொல் என்று அந்தத் தங்கச்சி கேட்டாள், அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

25 ஆகஸ்ட் 2024

பிப்ரவரியில் ஹார்மோன் காயில் வேண்டாம் என்று பெருமையாக எழுதினேன். அதைப் பற்றி இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். வைத்திருந்தால் உள்சுவருக்கும் காவல், கர்ப்ப பயமும் இருந்திருக்காது. மாதவிலக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது, அது தப்பென்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் என் ஆசையை மற்றவர்களுக்கு ஆலோசனையாக எழுதியிருக்கக் கூடாது.

30 செப்டம்பர் 2024

சின்னச் சின்னக் கேள்விகளுக்கு.

ஸ்லீவா, பைபாஸா? ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், குடலைத் தொடமாட்டார்கள். எனக்கு நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தது, ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம் என்றதால் பைபாஸ்.

மாதவிலக்கு வலிக்கு ஐபுபுரோஃபென் போடலாமா? பைபாஸ் செய்தவர்கள் கூடாது. இணைத்த இடத்தில் புண் வரும். நான் பனாடோவும் (பாரசிட்டமால்) வெந்நீர்ப் பையும்தான்.

இரும்புச்சத்து: இதை நான் எதிர்பார்க்கவில்லை. வருடக்கணக்கில் மாதவிலக்கு இல்லாதபோது ரத்தம் போகவில்லை. இப்போது ரத்தமும் போகிறது, குடலும் இரும்பைச் சரியாக உறிஞ்சுவதில்லை. படியேறினால் கண்ணைக் கட்டியது. இரும்பு மாத்திரை காலையில், கால்சியம் சிட்ரேட் இரண்டு மணி நேரமாவது தள்ளி. இரும்போடு டீ கூடாது, ரூய்போஸ் மூலிகை டீ பரவாயில்லை. பி12, டி எல்லாம் ஆயுள் முழுக்க.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு)? முதலில் மறுத்தார்கள். டயட்டீஷியன், மனநல ஆலோசகர், பயோகினெட்டிசிஸ்ட் என்கிற உடற்பயிற்சி நிபுணர் எல்லாரிடமும் ஆறு மாதம் போய் அறிக்கை கொடுத்த பிறகு ஒரு பகுதி தந்தார்கள். மீதிக்கு இவர் காரை விற்றார். அரசு மருத்துவத்தை நம்பியிருக்கிற நம் பெண்களுக்கு இந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

13 பிப்ரவரி 2025

இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். செப்டம்பரிலிருந்து மாதவிலக்கு 50, 61 நாள் என்று வந்தது. 2-ஆம் தேதி விரதம் தொடங்கினேன். எட்டாம் நாள், ஞாயிறு காலை, 39-ஆம் நாளில் தானாக வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குள் போக முடியாது.

சமையலறையில் நின்று அழுதேன். வரவில்லையே என்று எத்தனை வருடம் இதே கோயிலில் அழுதிருக்கிறேன். இப்போது வந்துவிட்டதே என்று அழுகிறேன். அத்தை வந்து பார்த்தாள். என்ன என்று கேட்டாள், சொன்னேன். "நீ கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறான், அப்புறம் எதற்கு அழுகை, குடத்தை என்கிட்ட கொடு" என்றாள். எழுபத்திரண்டு வயதில், வெயிலில் கால் கொப்பளிக்க, என் பால்குடத்தை அவள் தூக்கினாள். நான் கோயில் வாசலுக்கு எதிர்ப்பக்கம், காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன்.

இதில் விலக்கு வழக்கம் சரியா தப்பா என்று சண்டை தொடங்க வேண்டாம். எனக்கும் அதில் கேள்விகள் உண்டு. அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

6 மே 2025

பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று தனியே கேட்டு எழுதுகிறவர்களுக்கு: இல்லை. பதினெட்டு மாதம் முடிந்து, டாக்டர் சரி சொல்லி, மார்ச்சிலிருந்து லெட்ரோசோல் மாத்திரையில் இருக்கிறேன். பிசிஓஎஸ்ஸில் முட்டையை வரவழைக்க முதலில் கொடுப்பது அதுதான். 2019-இல் இதே மாத்திரை எனக்குப் பலிக்கவில்லை. இந்தத் தடவை இரண்டு மாதமும் முட்டை வந்ததை ஸ்கேனில் பார்த்தேன். உண்டானால் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் அந்தப் பரிசோதனை எனக்கு வேண்டாம், டம்பிங் வரும், விரலில் குத்திப் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் இப்போதே எழுதி வைத்திருக்கிறார்.

எடை குறைக்கும் ஓசெம்பிக் ஊசி போட்டால் ஆபரேஷனே வேண்டாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அனுபவம் இல்லை. பிள்ளைக்கு முயற்சி செய்வதற்கு இரண்டு மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

22 ஜூலை 2025

மாரிட்ஸ்பர்க் தங்கச்சி ஒன்றரை வருடம் கழித்து எழுதியிருக்கிறாள். ஆபரேஷன் தேதி வந்துவிட்டதாம், அடுத்த மாதம். பெரியம்மா மகளிடம் "போகாது, அடங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாளாம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

சரி, கேட்டதற்குப் பதில். பைக்குள் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு, செருப்பு, நீள ஒயர் சார்ஜர், உதட்டுக்கு வாஸ்லைன். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் ரத்தம் கட்டும் அபாயம் உண்டு, எப்போது நிறுத்த வேண்டும் என்று சர்ஜனிடம் இந்த வாரமே கேள். அன்று சாயங்காலமே எழுந்து நடக்கச் சொல்வார்கள், வலித்தாலும் நட. கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று எழுதி எடுத்துப் போ, மூன்று மாதம் தாண்டியிருந்தால் ஸ்கேன் கேட்காமல் படுக்காதே. பனாடோவைச் சிரப்பாக வாங்கி வை, முதல் வாரம் மாத்திரை இறங்காது.

ஆடி மாதம், அடுத்த ஞாயிறு இங்கே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். மக்காச்சோள மாவுக் கூழ், புளித்தது. ஆபரேஷனுக்கு முந்தைய டயட் தொடங்க உனக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. வந்துவிட்டுப் போ, அத்தை உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.